விடுதிக்கு முன் காணி

உள்நாட்டுப் போர் முடிந்த 2009ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஐந்து லட்சத்தை எட்டவில்லை. 2018இல் 23 லட்சம் பேர் வந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் அவர்களுக்காக விடுதி எழும்பிய மண் யாருடையது? யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வெளியேறின. அவர்களுடைய காணிகள் உயர் பாதுகாப்பு வலயமாயின. போருக்குப் பின், உரிமையாளர்கள் பலர் முகாம்களில் காத்திருந்தபோதே, காங்கேசன்துறைக் கடலோரத்தில் இராணுவம் தல்செவன என்னும் உல்லாச விடுதியை நடத்தியது. பாதுகாப்புக்கென மூடிய கரையில் பயணிக்கு இடம் உண்டு, காணி உறுதி வைத்திருப்பவருக்கு இல்லை என்றால், பாதுகாப்பு என்ற காரணமே அடிபட்டுப் போகிறது. இது தமிழருக்கு மட்டும் நேர்ந்ததுமல்ல. 2010இல் கிழக்குக் கரையிலுள்ள பாணமையில் சிங்கள விவசாயிகளும் மீனவர்களும் தங்கள் நிலத்திலிருந்து விரட்டப்பட்டார்கள்.

2022இல் பெட்ரோல் வாங்க டாலர் இல்லாமல் தவித்த நாடு விடுதிகளை வேண்டாம் என்று சொல்லலாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அரசுச் சம்பளம் வாங்கும் சிப்பாய் பரிமாறும் விடுதியோடு, வங்கிக் கடனில் நான்கு அறை கட்டிய உள்ளூர்க்காரர் எப்படிப் போட்டியிடுவார்? அறுகம் குடாவில் அலைச்சறுக்கு வீரர்களை நம்பி வளர்ந்த சிறு விடுதிகள், வருமானம் ஊருக்குள்ளேயே சுற்றவும் வழி உண்டு என்று காட்டுகின்றன. முதலில் காணி திரும்பட்டும். அங்கே விடுதி கட்டுவதா, குத்தகைக்கு விடுவதா, வெங்காயம் நடுவதா என்பதை உரியவர் முடிவு செய்யட்டும்.