காவலனைக் கொல்லும் கிருமி

ஆக்குவதே உயிரின் தொழில், அழிவது சாவின் அடையாளம் என்று பலர் எண்ணுகின்றனர். சாஸ்திரம் கண்ட உண்மை வேறு. நம் சரீரத்தின் ஒவ்வோர் உயிரணுவும் புரதங்களை ஓயாது ஆக்கியும் அழித்தும் வருகிறது. அவ்வழிவும் கண்மூடித்தனமானதன்று. அழிக்கத்தக்க புரதத்தின்மீது யூபிக்விட்டின் என்னும் சிறு புரதம் முத்திரைபோல் பொறிக்கப்படுகிறது. முத்திரை பெற்றதைப் புரோட்டியசோம் என்னும் பீப்பாய் போன்ற பொறி உள்ளிழுத்துத் துண்டாடுகிறது. இம்முறையைக் கண்டறிந்த சீஹனோவர், ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004-ஆம் ஆண்டு இரசாயன நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

முத்திரை தவறான இடத்தில் விழுமாயின் நேர்வது வியாதியே. இதற்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. மரபுப்பொருள் சேதமுற்ற உயிரணு பெருகாதவாறு தடுக்கும் காவலனாக பி-53 என்னும் புரதம் உள்ளது. பாப்பிலோமா வைரஸின் கொடிய வகைகள் உயிரணுவினுள் புகுந்ததும், அக்காவலன்மீதே அழிவு முத்திரை விழச் செய்கின்றன. வீட்டின் பொறியைக் கொண்டே வீட்டுக் காவலனைக் கொல்லும் சூழ்ச்சி இது! பெரும்பாலோரிடம் இவ்வைரஸ் தானே நீங்கிவிடும். நீங்காது தங்கினால், பல ஆண்டுகளுக்குப் பின் புற்றாக முற்றக்கூடும். இந்நோய்க்குக் காரணம் இவ்வைரஸே எனக் காட்டிய ஜெர்மானியர் ஹரால்ட் ட்ஸூர் ஹௌஸன் 2008-இல் நோபல் பரிசு பெற்றார்.

பகைவன் உட்புகுந்தபின் போராடுவதினும் வாயிலிலேயே தடுப்பது எளிதன்றோ? அதற்கான தடுப்பூசி உண்டு. இந்தியாவிலேயே தயாரான ஊசிமருந்துக்கும் 2022-இல் அனுமதி கிடைத்தது. 15 வயதுக்குள் பெண்குழந்தைகளில் நூற்றுக்குத் 90 பேருக்கேனும் 2030-க்குள் இதனைப் போடவேண்டும் என்பது உலகச் சுகாதார ஸ்தாபனம் 2020-இல் வகுத்த இலக்கு. வைரஸ் தொற்றும் முன்னர் போடுவதே முழுப்பயன் தரும். வயது வந்த மாதர்க்கோ பரிசோதனை உண்டு. புற்றாகும் முன்னரே தீங்கைக் கண்டு களைந்துவிடலாம்.

எனினும், இந்நோயின் பெயரை உரைக்கவும் நம் வீடுகளில் கூச்சம் தடுக்கிறது. தாய்மாரும் சகோதரிகளும் வாய்திறவாது வலி பொறுத்து, காலங்கடந்து வைத்தியரை நாடுகின்றனர். இப்பழி ஆடவராகிய நம்மையும் சாரும். பொதுஜன ஊழியர்கள் ஊர்தோறும் சென்று பெற்றோரிடம் இவ்வுண்மையை விளங்க உரைப்பார்களாக! சர்க்கார் ஏழைப் பெண்மக்கள் அனைவருக்கும் இவ்வூசி இலவசமாகக் கிடைப்பதை உறுதி செய்ய வேண்டும். சாஸ்திரம் தன் கடமையைச் செய்துவிட்டது. எஞ்சியது நம் கடமையே.