“என் கரண்டியைத் தொடாதே!” - மெட்ராஸ் பெயர் கொண்ட நோயும் என் அத்தையும்

போன தீபாவளிக்குத் திண்டிவனத்தில் பாட்டி வீட்டில் இருந்தோம். காலை டிபனுக்குத் தோசை. அத்தை மாவைக் கரண்டியில் மொண்டு, இரண்டு கைகளாலும் பிடித்து, கல்லுக்குக் கொண்டுபோய் ஊற்றிச் சுற்றுவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. ஹாலில் ஆறு பேர் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். “குடுங்க அத்தை, நான் ஊத்துறேன். நீங்க போய் உட்காருங்க” என்று கரண்டியை வாங்கினேன். வாங்கினேன் என்பது நாகரிகத்துக்காகச் சொல்வது. பிடுங்கினேன்.

அத்தை எதுவும் சொல்லவில்லை. ஹாலுக்குப் போய் டி.வி முன்னால் உட்கார்ந்தார். டி.வி ஓடிக்கொண்டிருக்கவில்லை.

சென்னைக்குத் திரும்பிய இரண்டாம் நாள் வாட்ஸ்அப்பில் மெசேஜ் வந்தது. ‘தோசை எல்லாம் நல்லாத்தான் ஊத்துன. ஆனா இனிமே என் கரண்டியைத் தொடாதே.’

அந்த ஒரு வரியை டைப் செய்ய அத்தைக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கட்டைவிரல் மெலிந்து உள்ளங்கையோடு ஒட்டிக்கிடக்கும். வலது கை நடுவிரலின் முட்டியால்தான் போனைத் தட்டுவார்.

அத்தைக்கு வயது 47. அவருக்கு இருப்பது மோட்டார் நியூரான் நோய். அதிலும் நம் ஊர் பெயரிலேயே உலக மருத்துவப் புத்தகங்களில் இருக்கும் ஒரு வகை, ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் டிசீஸ்’. நம்மில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேட்டிருப்போம்? அத்தை இல்லையென்றால் நானும் கேட்டிருக்க மாட்டேன்.

மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்கு ‘அசை’ என்று உத்தரவு கொண்டுபோகும் நரம்பு செல்கள்தான் மோட்டார் நியூரான்கள். அவை ஒவ்வொன்றாகச் செயலிழந்தால், உத்தரவு வராத தசை வலுவிழந்து மெலிந்துபோகும். தொடு உணர்ச்சி போகாது. கண் பார்க்கும், கண்ணை அசைக்கவும் முடியும். இந்தக் குடும்பத்தில் அதிகம் பேசப்படும் ஏ.எல்.எஸ் வேகமானது. அறிகுறி தொடங்கிய மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் பலரின் உயிரையே எடுத்துவிடும். கூகுளில் ‘மோட்டார் நியூரான்’ என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது அதுதான். குடும்பங்கள் அன்றிரவே பாதி உயிராகிவிடுகின்றன.

ஆனால், மெதுவாக நகரும் வகைகளும் உண்டு. சென்னையைச் சேர்ந்த டாக்டர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், பி.ராமமூர்த்தி மூவரும் 1970-ல் எழுதிய கட்டுரையில், சின்ன வயதுக்காரர்களிடம் தாங்கள் பார்த்த ஒரு தனி வகையை விவரித்தார்கள். பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும். கை, கால்கள் மெலியும். முகம், நாக்கு, தொண்டைத் தசைகள் பலவீனமாகும். கூடவே காது கேட்பது குறையும். மற்ற மோட்டார் நியூரான் நோய்களில் காது பாதிக்கப்படுவது அபூர்வம் என்பதால், டாக்டர்களுக்கு அதுதான் முக்கியத் துப்பு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை டாக்டர்கள் பிற்பாடு 36 ஆண்டுகளில் தாங்கள் பார்த்த 116 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். தென்னிந்தியர்களிடம்தான் இது அதிகம் பதிவாகியிருக்கிறது. பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் என்று இந்த நோயோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள்.

அத்தை பிளஸ் ஒன் படிக்கும்போது பரீட்சை ஹாலில் பேனா நழுவியதில் ஆரம்பித்தது. சட்டை பட்டன் போட முடியவில்லை. அப்புறம் பேச்சு மூக்கால் வர ஆரம்பித்தது. ‘சத்துக் குறைவு’ என்று டானிக் கொடுத்தார்கள். ‘ஒரு மண்டலத்துல கை வந்துடும்’ என்று ஒருவர் எண்ணெய் கொடுத்தார். பாட்டியின் இரண்டு பவுன் சங்கிலி அந்த எண்ணெயில் கரைந்தது. மூன்று வருடம் கழித்து சென்னையில் ஒரு நரம்பியல் டாக்டர்தான் காதையும் சோதித்துவிட்டு நோயின் பெயரைச் சொன்னார். “மெட்ராஸ் நோயா? நாங்க மெட்ராஸ் வர்றதே இன்னிக்குத்தானே டாக்டர்?” என்று பாட்டி கேட்டாராம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

கல்யாணம் ஆகவில்லை. இரண்டு இடம் வந்து போனது. “நான்தான் வேணாம்னுட்டேன்” என்பார் அத்தை. உண்மையா என்று நான் கேட்டதில்லை.

15 வருடமாக அத்தை இட்லி மாவு வியாபாரம் செய்கிறார். ஒரு நாளைக்கு 40 பாக்கெட். சனி, ஞாயிறு இன்னும் கூட. கரண்டி சமாசாரத்துக்கு மன்னிப்பு கேட்கிற சாக்கில் போன மாதம் இரண்டு நாள் கூடவே இருந்து பார்த்தேன். பேட்டி என்றதும், “அரிசி களைஞ்சுகிட்டே கேளு” என்று ஒரு குண்டானை என் பக்கம் தள்ளினார்.

கிரைண்டர், சாய்த்து மாவை வழிக்கிற டில்டிங் வகை. கல்லைத் தூக்க வேண்டாம். குழாயில் திருகு கிடையாது, முழங்கையால் தள்ளுகிற நீள லீவர். பாக்கெட் ஒட்ட காலால் மிதிக்கிற சீலிங் மெஷின். கரண்டிக் காம்பில் பழைய சைக்கிள் கைப்பிடி ரப்பர் சுற்றியிருக்கிறது. பிடி தடிமனாக இருந்தால் விரல்கள் முழுதாக மடங்க வேண்டியதில்லை. அரிசி மூட்டை தூக்க பக்கத்துத் தெருப் பையன் வருகிறான். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில். போனில் பேசினால் அத்தை பேசுவது அவர்களுக்குப் புரியாது, அவர்கள் பேசுவது ஹியரிங் எய்டு வைத்தாலும் அத்தைக்குச் சரியாகக் கேட்காது. “டைப் பண்ணி அனுப்புனா கணக்கும் தப்பாது, கடனும் தப்பாது” என்கிறார்.

இதில் பாதி பிசியோதெரபிஸ்ட் சொன்னது, பாதி அத்தையே கண்டுபிடித்தது.

எங்கள் வீட்டில் பிரச்னை வேறு. ஆறு மாதம் முன்னால் கொல்லைப்புறத்தில் ஈரத்தரையில் அத்தை விழுந்துவிட்டார். நடக்கும்போது பாதம் தொங்கி, கட்டைவிரல் தரையில் இடிக்கும். அதற்காகக் கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை கொடுத்திருக்கிறார்கள். அன்று அதைப் போடவில்லை. விழுந்ததையும் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. முழங்கை வீங்கியதைப் பார்த்து பாட்டிதான் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து சித்தப்பா, “மாவு வேணாம்க்கா, நிறுத்திடு. நான் சம்பாதிக்கிறது பத்தாதா?” என்று ஆரம்பித்துவிட்டார்.

சித்தப்பா வில்லன் இல்லை. ராத்திரி அத்தைக்கு இருமல் வந்தால் முதலில் எழுந்து ஓடுவது அவர்தான். ஆனால், அவர் நிறுத்தச் சொல்வது மாவை மட்டும் இல்லை. காலை ஐந்து மணிக்கு எழுவதற்கான காரணத்தை, தெருவில் 40 வீட்டோடு இருக்கும் பேச்சை, பாட்டியின் மருந்துக்கு அத்தை கொடுக்கும் பணத்தை. நோய் 30 வருடத்தில் விரல் விரலாக எடுத்ததை, நாங்கள் பாசத்தில் ஒரே நாளில் எடுத்துவிடப் பார்க்கிறோம். தீபாவளி அன்று நான் செய்ததும் அதுதான்.

அத்தை எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு தொங்குபவரும் இல்லை. ஸ்கூட்டியை அவராகவே விற்றார். வடாம் போட மாடி ஏறுவதை நிறுத்தினார். கோலப்பொடியை விரலில் பிடிக்க முடியாமல் போனதும் சல்லடை அச்சுக்கு மாறினார். மார்கழியில் தெருவே அவரிடம்தான் அச்சு வாங்குகிறது. எதை விடுவது என்று அவர் முடிவு செய்தவரை சண்டை இல்லை.

உடற்பயிற்சி விஷயத்தில் நான் தப்பாக நினைத்திருந்தேன். நிறைய செய்தால் கை தேறும் என்று ஜிம் பந்து ஒன்று வாங்கிக்கொண்டு போயிருந்தேன். பிசியோதெரபிஸ்ட் அதை ஓரமாக வைத்துவிட்டார். மூட்டு இறுகாமல் தினமும் மெதுவாக நீட்டி மடக்குவது, இயல்பான வேலைகளைத் தொடர்வது, இவை போதும். இருக்கும் தசையை அசந்துபோகும் அளவுக்கு வாட்டக் கூடாது. இன்று செய்த வேலையின் அசதி நாளையும் தொடர்ந்தால் அது அதிகம் என்று அர்த்தம். அத்தை இதனால்தான் காலையில் அரைக்கிறார், மதியம் படுக்கிறார், சாயங்காலம் பாக்கெட் போடுகிறார்.

சாப்பாட்டில் தண்ணியான ரசம்தான் எதிரி. தொண்டைத் தசை பலவீனமானவர்களுக்குத் தண்ணீர் போன்ற திரவம் சட்டென்று மூச்சுக்குழாய்க்குள் போய்ப் புரையேறும். குழைந்த தயிர் சாதம், கூழ் பதம் எளிது. அத்தை தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கி, சின்னச் சின்ன வாயாக விழுங்குவார். அப்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால், மூச்சு விஷயத்தில் மட்டும் மெத்தனம் வேண்டாம். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது, காலையில் தலைவலியோடு எழுவது, பகலெல்லாம் தூங்கி வழிவது ஆகியவை மூச்சுத் தசை தளர்வதன் அறிகுறிகளாக இருக்கலாம். டாக்டரிடம் சொன்னால் மூச்சுத்திறனைச் சோதிப்பார்கள். தேவைப்பட்டால் இரவில் மாஸ்க் மூலம் காற்று கொடுக்கும் பைபாப் கருவி உதவும்.

இன்னொன்று. மோட்டார் நியூரான் நோயைப் போலவே தோன்றும் சிலவற்றுக்குச் சிகிச்சை உண்டு. கை பலவீனத்தோடு காதும் கேட்காமல் போகும் ஓர் அரிய பரம்பரை நோயில், பி2 வைட்டமின் உடலுக்குள் சரியாகச் சேராததுதான் காரணம். டாக்டர் மேற்பார்வையில் அதே வைட்டமினை அதிக அளவில் கொடுத்துப் பலர் தேறியிருக்கிறார்கள். பதின்ம வயதுப் பையன்களின் ஒரு கையை மட்டும் மெலிய வைக்கும் ஹிராயாமா நோயில், கழுத்துப் பட்டை போட்டு ஆரம்பத்திலேயே தடுக்க வாய்ப்பு உண்டு. எனவே, ‘இதுக்கு மருந்தே கிடையாது’ என்று யாராவது சொன்னால், சொன்னவர் நரம்பியல் டாக்டரா என்று பாருங்கள். மெட்ராஸ் வகையைக் குணமாக்கும் மருந்து இதுவரை இல்லை என்பதும் உண்மை.

மாற்றுத்திறனாளிகள் அடையாள அட்டையும் முக்கியம். 40 சதவிகிதப் பாதிப்பு என்று சான்று கிடைத்தால் அரசுச் சலுகைகளுக்கு வழி திறக்கும். அத்தை பல வருடம் வாங்காமல் இருந்தார். “வாங்கிட்டா நெஜமாவே நோயாளி ஆயிடுவேனோன்னு ஒரு பயம்டி.”

இந்த நோயைப் பற்றிப் பேசினாலே ஸ்டீபன் ஹாக்கிங் வந்துவிடுவார். 1963-ல், 21 வயதில், இரண்டு வருடம்தான் என்று நாள் குறிக்கப்பட்டவர் 2018 வரை, 76 வயது வரை வாழ்ந்தார். 1985-ல் குரல் போன பிறகும் கம்ப்யூட்டர் குரலில் பேசினார். கடைசி ஆண்டுகளில் கன்னத் தசையை அசைத்தே எழுதினார். 2007-ல் விமானத்தில் ஏறி எடையற்று மிதந்தார். பெரிய வாழ்க்கைதான். ஆனால், அவரைச் சுற்றி இரவு பகலாக நர்ஸ்கள் இருந்தார்கள். திண்டிவனத்தில் பாட்டியும் சித்தப்பாவும்தான் இருக்கிறார்கள். ஹாக்கிங் படம் போட்ட ‘தன்னம்பிக்கை’ பதிவை அத்தைக்கு யாராவது வாரம் ஒருமுறை அனுப்பிவிடுகிறார்கள். “அவரு பிரபஞ்சத்துக்கே கணக்கு போட்டாரு. நான் நாலுக்கு ஒண்ணு உளுந்து கணக்கு போடுறேன். ரெண்டு பேருக்கும் என்னடி சம்பந்தம்?” என்கிறார்.

மாவு வியாபாரம் பற்றி வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. கொல்லையில் ரப்பர் பாய் விரித்து, சுவரில் கைப்பிடிக் கம்பி பதித்தாயிற்று. கணுக்கால் பட்டை இல்லாமல் கொல்லைக்குப் போவதில்லை என்று அத்தை பாட்டி தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். சித்தப்பா, “பொங்கல் வரைக்கும் பார்க்கலாம்” என்கிறார். பொங்கலுக்கு 60 பாக்கெட் ஆர்டர் இப்போதே வந்துவிட்டது. அதை அத்தை அவரிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் சித்தப்பாவுக்குத் தெரியப்போகிறது. ஸாரி அத்தை.

கிளம்புகிற அன்று காலை மறுபடியும் தோசை. நான் அடுப்புப் பக்கம் போகவில்லை. தரையில் உட்கார்ந்து, கொடுத்த சின்ன வெங்காயத்தை உரித்தேன். இரண்டு கைகளாலும் கரண்டியைப் பிடித்து அத்தை ஊற்றினார். ஓரம் கொஞ்சம் கோணல். நாலு தோசைக்கு 25 நிமிடம் ஆனது. பஸ்ஸை விட்டுவிட்டேன்.

“அடுத்தது முறுகலா, மெத்துன்னா?” என்று திரும்பாமலே கேட்டார். முறுகல் என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. எழுந்து போய், எதிரில் நின்று, வாயை நன்றாக அசைத்து மறுபடி சொன்னேன்.