சொல்லற்ற குரலும் பாட்டே

சொல்லின்றிப் பாடுபவர் வெறும் இசைக்கருவியே. அவர் பெயர் எதற்கு என்பார் உளர். இக்கூற்று பிழையானது. 1966-இல் செர்ஜியோ லியோனே இயக்கிய ‘நல்லவன், கெட்டவன், அழகற்றவன்’ என்னும் இத்தாலியத் திரைப்படத்தை நோக்குக. புதைந்த பொன்னைத் தேடிக் கல்லறைகளிடையே ஒருவன் பித்தனாய் ஓடுகிறான். எனியோ மொரிக்கோனே அமைத்த ‘பொன்னின் பரவசம்’ ஒலிக்கிறது. அதனூடே ஒரு பெண்குரல் விண்ணளாவ எழுகிறது. அதில் சொல் ஒன்றேனும் இல்லை. ஆயினும் ஓடுபவனின் வேட்கை நம் நெஞ்சைக் கவ்வுகிறது. மொழி கடந்து அப்பாடல் ஈர்ப்பது இதனாலன்றோ?

அக்குரலுக்கு உரியவர் 1935-இல் ஜெனோவாவில் பிறந்த எட்டா டெல்லோர்சோ. மெட்டமைத்தவரை உலகறியும், பாடியவரை அறிந்தோர் சிலரே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஏட்டிலிருக்கும் மெட்டும் அத்தகையதே. அதற்கு உயிரூட்டியது அவர்தம் மூச்சு. மாணவர்களே, இசையைப் போற்றுங்கால் பாடியவர் பெயரையும் சொல்லுங்கள்.