சட்டைக்கு ஆயிரம் விதி, குண்டுக்கு ஒரே வரி

ஒலிம்பிக்ஸ் வந்தால் மட்டும் துப்பாக்கி சுடுதல் பற்றிப் பேசுவது நம்ம ஊர் வழக்கம். பதக்கம் வந்தால் பட்டாசு. வராவிட்டால் "டென்ஷன் ஆயிட்டாங்கப்பா" என்று ஒரு வரித் தீர்ப்பு. நடுவில் இருக்கிற அந்தச் சின்ன ஈயத்துண்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இன்றைக்கு அதைப் பற்றித்தான் புலம்பப் போகிறேன். விளையாட்டு பிடிக்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம், ஏனென்றால் இது கடைசியில் காசு பற்றிய விஷயம்.

10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் என்னவெல்லாம் அளக்கிறார்கள் தெரியுமா? ரைபிள் எடை 5.5 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. போட்டுக்கொள்ளும் ஜாக்கெட்டின் துணி 2.5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கக்கூடாது, விறைப்பாகவும் இருக்கக்கூடாது. அதற்கென்று தனி மெஷின் வைத்து அழுத்திப் பார்க்கிறார்கள். பூட்ஸின் அடிப்பாகம் வளைகிறதா என்று வளைத்துப் பார்க்கிறார்கள். போட்டி முடிந்த பிறகும் சிலரைக் கூப்பிட்டு மறுபடி சோதிக்கிறார்கள்.

எதற்கு இவ்வளவு? காசு கொடுத்து வாங்கிய உடுப்பு ஆளைத் தாங்கிப் பிடித்து நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக. நியாயமான காரணம்தான்.

சரி, குழாயிலிருந்து கிளம்பிப் போய் இலக்கில் படுகிற குண்டுக்கு என்ன விதி? 4.5 மி.மீ. அளவு, ஈயம் அல்லது வேறு மென்மையான பொருள், வடிவம் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். கதை முடிந்தது!

"எல்லாரும் அதே கம்பெனி டப்பாதானே வாங்குறாங்க, இதில் என்ன அநியாயம்?" என்று கேட்பீர்கள். இங்கேதான் சூட்சுமம். குண்டின் எடை அரை கிராம் சொச்சம். மெல்லிய ஈயத்தை அச்சில் வைத்து அழுத்திச் செய்வது. தலைப்பகுதியின் அளவு 4.49, 4.50, 4.51 என்று நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில் மாறும். பின்னால் இருக்கும் பாவாடை மாதிரியான பகுதி காற்றழுத்தத்தில் விரிந்து குழாயின் உள்வரிகளைப் பிடித்துக்கொள்ளும். அச்சு கொஞ்சம் தேய்ந்தாலும், ஈயம் கொஞ்சம் மாறினாலும், அதே பெயர் அதே அளவு போட்ட இரண்டு டப்பாக்கள் வேறு வேறு மாதிரி சுடும். ஒரு குழாய்க்குப் பொருந்துகிற 'லாட்' இன்னொரு குழாய்க்குப் பொருந்தாது.

அதனால் பெரிய அணிகள் என்ன செய்கின்றன? ஜெர்மனியில் இருக்கும் தயாரிப்பாளர்களிடமே ரைபிளை எடுத்துக்கொண்டு போய், அதை வைஸில் இறுக்கிக் கட்டி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்க்கின்றன. தங்கள் குழாய்க்கு எது ஒரே ஓட்டையில் போகிறதோ அந்த லாட்டை ஆயிரக்கணக்கில் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கின்றன. மாவட்ட கிளப்பில் பழகுகிற பையன் கடையில் இருக்கும் டப்பாவை வாங்குவான். அடுத்த மாதம் அதே லாட் கிடைக்காது. டப்பா ஒரே பெயர்தான், ஆனால் இருவரும் வாங்கிய பொருள் ஒன்றல்ல.

"திறமை இருந்தால் எந்தக் குண்டிலும் ஜெயிக்கலாம்" என்பவர்களுக்கு ஒரு சின்ன கணக்கு. இலக்கின் நடுவில் இருக்கும் பத்துப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். குண்டின் ஓரம் அதைத் தொட்டாலே பத்து. அதாவது குண்டின் மையம் 2.5 மி.மீ. வரை விலகினாலும் பத்துதான். முன்பு தகுதிச்சுற்றில் முழு எண் மட்டும் எண்ணியபோது, குண்டு செய்யும் சின்னச் சின்னக் குறும்பு பெரும்பாலும் அந்தப் பத்துக்குள்ளேயே அடங்கிவிடும். 2013-லிருந்து ஏர் ரைபிள் தகுதிச்சுற்றிலும் தசமக் கணக்கு வந்துவிட்டது. இப்போது 10.9 வாங்க மையம் 0.25 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு கால் மில்லிமீட்டருக்கும் 0.1 போய்விடும். சுமாராகச் சுடுபவனுக்குக் குண்டின் விலகல் சில நேரம் உள்ளே தள்ளி உதவும். நட்டநடுவில் சுடுபவனுக்கு எந்தப் பக்கம் விலகினாலும் நட்டம்தான். ஆக, நன்றாகச் சுடுபவனைத்தான் மோசமான குண்டு அதிகமாகத் தண்டிக்கும்!

பாரிஸ் 2024-இல் பெண்கள் தகுதிச்சுற்றைப் பாருங்கள். ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து ஐந்தாவதாக வந்து இறுதிக்குப் போனார். கடலூர்ப் பூர்வீகம் கொண்ட நம்ம இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்து பத்தாவது, வெளியே. 60 குண்டுக்கும் சேர்த்து வித்தியாசம் 0.8. அளவில் சொன்னால், அறுபது குண்டிலும் மொத்தமாக 2 மில்லிமீட்டர். இவர்களில் யாருக்கும் குண்டு சரியில்லை என்று நான் சொல்லவில்லை, இருவருமே உச்சத்தில் இருப்பவர்கள். அந்த உயரத்தில் இடைவெளி எவ்வளவு பொடிசு என்று காட்டவே சொன்னேன். இவ்வளவு நுணுக்கமாக அளக்கிற ஒரு விளையாட்டு, அந்த நுணுக்கத்தைக் கெடுக்கிற பொருளைக் கண்டுகொள்ளாமல் விடலாமா?

நீச்சலில் இதே கூத்து நடந்தது. 2009 ரோம் உலகப் போட்டியில் பாலியூரித்தேன் உடையைப் போட்டுக்கொண்டு 43 உலக சாதனைகள்! நீந்தியது மனுஷனா துணியா என்று சந்தேகம் வந்ததும் 2010-லிருந்து அந்த உடைகளுக்குத் தடை போட்டார்கள். ஒரு விளையாட்டு தன்னைத் திருத்திக்கொள்ள முடியும் என்பதற்கு அது சாட்சி.

உடனே "பேட்மிண்டன் இறகுப்பந்து மாதிரி எல்லாருக்கும் ஒரே குண்டைக் கொடுத்துடலாமே" என்று ஒருவர் வருவார். கூடாது. ஒவ்வொரு குழாய்க்கும் ஒவ்வொரு குண்டு பிடிக்கும் என்று மேலேயே சொன்னேன். ஒரே குண்டைக் கொடுத்தால் அது யார் குழாய்க்குப் பொருந்துகிறதோ அவருக்கு லாட்டரி. அநியாயம் இடம் மாறுமே தவிர ஒழியாது.

நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, சங்கங்கள் குண்டை மொத்தமாக வாங்கும்போது லாட் எண்ணை வெளியிட வேண்டும். வைஸில் கட்டிச் சோதிக்கும் வசதி இந்திய அணிக்கு மட்டும் என்றில்லாமல், மாநிலப் போட்டிக்குத் தகுதி பெற்ற எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும்.

இரண்டு, ஜூனியர் போட்டிகளில் நடத்துபவர்களே மூன்று நான்கு அளவுகளில், சீல் வைத்த டப்பாக்களைக் கொடுக்க வேண்டும். முதல் நாள் சுட்டுப் பார்த்து யாருக்கு எது சரியோ அதை எடுத்துக்கொள்ளட்டும். வெளிக் குண்டு கூடாது.

மூன்று, பள்ளி, மாவட்ட அளவில் தசமக் கணக்கே வேண்டாம். இரவல் ரைபிளில், கிடைத்த குண்டில் சுடுகிற பதினான்கு வயசுப் பெண்ணின் 10.3-க்கும் 10.6-க்கும் நடுவில் இருப்பது அவள் கையா, டப்பாவா என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாததை எண்ணாக எழுதி, அதை வைத்து ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து இன்னொருத்தியை வீட்டுக்கு அனுப்புவது அளவீடு ஆகாது.

"செலவாகுமே" என்பார்கள். ஆகும். இப்போதும் ஆகத்தான் செய்கிறது, அதை அப்பா அம்மா தலையில் கட்டியிருக்கிறோம். முடிந்தவர் கொடுக்கிறார். முடியாதவர் பிள்ளை "டென்ஷன் ஆயிடுச்சு" என்று பேர் வாங்குகிறது.

ஜாக்கெட்டை இரண்டரை மில்லிமீட்டருக்கு அளக்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மனசு வைத்தால் போதும்.

டிஸ்கி: பொருட்காட்சியில் பலூன் சுடுகிற கடைக்காரர் குறியைக் கோணலாக வைத்திருப்பார் என்று நமக்குத் தெரியும், பத்து ரூபாய் போனால் சிரித்துக்கொண்டே வந்துவிடுவோம். இங்கே போவது ஒரு பிள்ளையின் நாலைந்து வருஷம். திட்ட நினைப்பவர்கள் தாராளமாகப் பின்னூட்டத்தில் திட்டலாம், கணக்கோடு வந்தால் சந்தோஷம்.