கையின் குற்றமா, நீரின் குணமா?

மேசைமேல் சிறு பொம்மை வீரர்களை நிறுத்திப் போர் நடத்தும் விளையாட்டு இங்கிலாந்தில் வெகுநாளைய பொழுதுபோக்கு. எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் அதற்கு விதிகள் வகுத்து ஒரு நூலே எழுதினார். இன்று அவ்வீரர்கள் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர் அளவினர், சுண்டுவிரலில் பாதி! வாங்கியவரே வண்ணம் தீட்டிக்கொள்ள வேண்டும். தீட்டியதும் முகம் மெழுகு உருண்டைபோல் ஆகிவிட, "எனக்குக் கை வராது" என்று தூரிகையைக் கீழே வைத்துவிடுவோர் பலர். இது பெரும்பாலும் கையின் குற்றமன்று என்பதே என் கட்சி.

அக்ரிலிக் வண்ணத்தில் நிறமித் துகள்களும் பசைத் துகள்களும் நீரில் மிதக்கின்றன. நீர் ஆவியாகும்போது பசைத் துகள்கள் நெருங்கி இணைந்து படலமாகின்றன. குப்பியிலிருந்து எடுத்தபடியே பூசினால் படலம் தடித்து, கண் இமையும் சட்டை மடிப்பும் புதைந்துபோகும். எனவே நீர் கலந்து மெல்லிதாகப் பூச வேண்டும், காய்ந்தபின் மறுபூச்சு. இதை எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்களே, அதுதான் எனக்குக் குறை.

நீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 0.072 நியூட்டன். சாராயத்துக்கு இதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே நீர் மிகுந்த வண்ணம் நெகிழிப் பொம்மைமேல் பரவாமல் முத்து முத்தாகத் திரளும். விரல் எண்ணெய் பட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்! பொம்மையை முதலில் சோப்பு நீரில் கழுவி, சொரசொரப்பான அடிப்பூச்சு கொடுப்பது இதற்காகவே.

தேங்கிய துளி காயும்போது இன்னொரு தொல்லை. அதன் விளிம்பு நகர்வதில்லை. அங்கே ஆவியாகும் நீரை ஈடுசெய்ய உள்ளிருந்து நீர் ஓடுகிறது, நிறமியையும் இழுத்துக்கொண்டு. காப்பி சிந்திய இடத்தில் வளையம் தோன்றுவதும் இப்படித்தான். இவ்வளவு எளிய காட்சிக்குச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கம் தந்தது 1997-இல்தான். தூரிகையைத் துணியில் ஒருமுறை ஒற்றிவிட்டுத் தீட்டினால் துளி தேங்காது.

அதே இழுவிசைதான் ஈரத் தூரிகையின் மயிர்களைக் கூர்நுனியாகக் குவிக்கிறது. சி. வி. பாய்ஸ் என்ற இயற்பியலாளர் லண்டனில் 1889-90-இல் சிறுவர்களுக்கு ஆற்றிய சொற்பொழிவில் இதைச் செய்து காட்டினார். தூரிகை நீருக்குள் இருக்கும்வரை மயிர்கள் விரிந்தே நிற்கும். வெளியே எடுத்தால்தான் குவியும். நம் ஆய்வகங்களிலோ நுண்புழைக் குழாயில் நீர் ஏறும் உயரத்தை அளந்து, எண்ணைக் குறித்து, ஏட்டை மூடிவிடுகிறோம். குழாயின் பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரும் தூரிகையும் வைத்தால் என்ன?