டேப்பை எடுங்கள், தெருவில் இறங்குங்கள்!

தோழர்களே!

சென்னையில் பஸ்ஸைவிட்டு இறங்கி வீடுவரை நடந்து பாருங்கள். நடைபாதை பத்தடி போகும். மின்வாரியப் பெட்டி வந்து மறிக்கும். தாண்டினால் ஏற்றி நிறுத்திய கார். அதற்கப்பால் ஏதோ ஒரு பங்களா கேட்டுக்காகச் சரித்துக் கட்டிய சிமென்ட் மேடு. பிறகு மூடி பெயர்ந்த மழைநீர் வடிகால். காய்கறிப் பையோடு முழங்காலைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கும் பாட்டியின் முதுகில் தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கிறது. நடந்து போவதற்கா இந்தத் தண்டனை?

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 32 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாதசாரிகள் செத்தார்கள். மத்திய அரசே சொல்லும் கணக்கு இது.

விதிக்குப் பஞ்சமில்லை. தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும், விளிம்பு 15 செ.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது என்று சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012லேயே வகுத்துவிட்டது. போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று சென்னை மாநகராட்சி 2014இல் கொள்கை வகுத்தது. நடைபாதை, வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னது. எல்லாம் ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. கேட்க ஆளில்லாததால் அங்கேயே கிடக்கிறது.

கேட்டால் 'இடமில்லை' என்பார்கள். 2019இல் பாண்டி பஜார் கடைத்தெருவில் அகலமான நடைபாதை போட மட்டும் இடம் எங்கிருந்து முளைத்தது? காருக்குத் தாரை வார்த்ததில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்தார்கள், அவ்வளவுதான். துணிக்கடை வாசலுக்குக் கிடைத்தது வியாசர்பாடிப் பள்ளிக்கூட வாசலுக்கு ஏன் கிடைக்காது?

ஒன்றில் உறுதியாக நிற்போம். நடைபாதையில் கடை போடும் பூக்கார அம்மாவும் இட்லிக் கடை அக்காவும் நம் எதிரிகள் அல்ல. அவர்களுக்கு 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. முறையாக இடம் ஒதுக்கச் சொல்வோம். நடைபாதையை மீட்கிறோம் என்று தள்ளுவண்டியை அள்ளிக்கொண்டு, பக்கத்திலிருக்கும் காரைத் தொடாமல் போகும் மாநகராட்சி லாரியை நாமே மறிப்போம். இந்த வியாபாரிகள் இருப்பதால்தான் இரவு பத்து மணிக்கும் பெண்கள் அந்தத் தெருவில் தைரியமாக நடக்கிறார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குவோம். தெருவுக்கு ஐந்து பேர், கையில் ஓர் அளவு டேப். சக்கர நாற்காலியில் வருபவரையும் குழந்தையைத் தூக்கி வரும் தாயையும் முன்னால் விடுங்கள். அவர்கள் எங்கே நிற்க நேர்கிறதோ அங்கே அளந்து, படமெடுத்து, பட்டியல் போடுங்கள். பட்டியலோடு, வார்டு மக்கள் குறை சொல்லக் கூடும் பகுதி சபைக்குப் போங்கள். தனியாகப் போனால் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். தெருவே திரண்டு போக வேண்டும்.

எந்தத் தெருவில், எத்தனை மீட்டர் நடைபாதை, எந்தத் தேதிக்குள்? கவுன்சிலர் எழுதிக் கையெழுத்துப் போடும்வரை ஒருவரும் நாற்காலியைவிட்டு எழ வேண்டாம். வாருங்கள் தோழர்களே, வார்டு வார்டாக வாங்கிக் காட்டுவோம்!