பாம்புக்கும் பஞ்சாங்கமா?

நிலவைப் பாம்பு விழுங்குகிறதாம்! அதற்காகத் தாழிடப்பட்டது எது? ஒரு வீட்டின் கதவு! இருட்டறையில் ஒடுங்கியது யார்? ஒரு மிடறு நீரும் மறுக்கப்பட்ட, சூல்கொண்ட பெண்!

2025 செப்டம்பர் 7, ஞாயிறு இரவு, தாராசுரத்து நெசவாளர் தெருவொன்றில் நாம் கண்டது இது. இரவு 11 மணிக்குத் தொடங்கி 82 நிமிடம் நிலவை முழுமையாய் மூடியது நிழல். அதே நொடியில் சிங்கப்பூரில் மணி பின்னிரவு 1.30. இலண்டனிலோ மாலை, அங்கே நிலவு மறைப்புண்ட நிலையிலேயே எழுந்தது. நியூயார்க்கில் பகல், கிரகணம் தெரியவேயில்லை. கடிகாரங்கள் பல, நிகழ்ச்சி ஒன்று. ஏனெனில், விழுந்தது நாம் அனைவரும் நிற்கும் இந்தப் பூமியின் நிழல்!

கி.மு. 331இல் ஒரே கிரகணம் அர்பேலாவில் ஐந்தாம் மணியிலும் கார்த்தேசில் இரண்டாம் மணியிலும் தோன்றியதென்ற குறிப்பைக் கொண்டு, அவ்விரு ஊர்களுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கணித்தார் தாலமி. அங்கே கிரகணம் அளவுகோலாயிற்று, இங்கே தாழ்ப்பாளாயிற்று!

தமிழனுக்குக் கணக்கு தெரியாதா? தெரியும்! 1825இல் புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிப்பவர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே அவ்வாண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் நேர்ந்த பிழை நான்கே நிமிடம்! அதனைப் பதிவு செய்தவர் ஜான் வாரன். கேட்கிறோம்: நினைத்தபோது இரை விழுங்கும் பாம்பு, சோழிக் கணக்குக்குக் கட்டுப்பட்டு வருமா? நாழிகை குறித்துக் கொடுத்தவர் அறிந்தது கணிதம். ஊருக்கு வந்து சேர்ந்ததோ அச்சம்!

இன்னொன்றும் கேட்கிறோம். கிரகணம் தெரியாத ஊருக்குத் தோஷமில்லை என்று சாத்திரம் பேசுவோரே விலக்களிக்கின்றனர். ஆகவே நியூயார்க்கில் வாழும் கருவுற்ற தமிழ்ப்பெண் அன்று தடையின்றிப் பகலுணவு உண்ணலாம். காணாதவளை அங்கே தீண்டாத தோஷம், கதவடைத்த அறைக்குள் காணாதிருந்தவளை இங்கே மட்டும் தேடி வருமோ?

தாராசுரத்துத் தோழர்களே! 2028 டிசம்பர் 31 இரவில் மீண்டும் ஒரு முழு நிலவு மறைப்பு நம் வானில் நிகழும். அன்று அப்பெண்ணின் பிள்ளை மூன்று வயதை நெருங்கியிருக்கும். கதவைத் திறந்து விடுங்கள். தாயையும் பிள்ளையையும் முற்றத்துக்கு அழைத்து வாருங்கள். செந்நிலவைக் காட்டிச் சோறூட்டட்டும் அந்தத் தாய்!